மதிப்பெண்ணில் அடங்காத பேராசிரியர்

உயர்கல்வி நிறுவனங்களின் தேசியத் தரவரிசைப் பட்டியல் வெளியாகும் நாளில் கல்லூரி வாயில்களில் பதாகைகள் எழுகின்றன. நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரங்கள் வருகின்றன. இத்தனையாவது இடம், இத்தனை புள்ளிகள், இன்ன தரம் என்ற அறிவிப்புகளே ஒரு கல்விக்கூடத்தின் முகவரியாகிவிட்டன. பொருநைக் கரையின் கல்லூரிகளும் இதற்கு விலக்கல்ல. பாபநாசம் திருவள்ளுவர் கல்லூரி முதல் ஸ்ரீவைகுண்டம் குமரகுருபர சுவாமிகள் கலைக் கல்லூரி வரை, அந்தப் பகுதியின் கல்லூரிகள் இணைவு பெற்றிருப்பது அபிஷேகப்பட்டியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துடன். 1990இல் தொடங்கப்பட்ட அப்பல்கலைக்கழகம் தாங்கி நிற்கும் பெயர், கல்வியின் தரத்தை எதைக்கொண்டு அளப்பது என்ற கேள்விக்குத் தன் வாழ்க்கையையே விடையாக விட்டுச் சென்ற ஒருவருடையது.

பெ. சுந்தரம் பிள்ளையைத் தமிழ்த்தாய் வாழ்த்தை இயற்றியவர் என்ற அளவில் தமிழகம் நன்கறியும். அவர் ஒரு கல்லூரி ஆசிரியர், தத்துவப் பேராசிரியர், கல்வெட்டு ஆய்வாளர், தமிழ் இலக்கிய வரலாற்றின் காலக் கணக்கைத் திருத்தியவர் என்பதை அறிந்தவர்கள் அவ்வளவு பேர் இல்லை. உயர்கல்வியின் தரம் பற்றிய விவாதம் எண்களின் விவாதமாகச் சுருங்கிவரும் இக்காலத்தில், அந்த ஆசிரியரின் வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பது பயனுடையது.

ஆலப்புழையிலிருந்து நெல்லைக்கு

சுந்தரம் பிள்ளை 1855 ஏப்ரலில் ஆலப்புழையில் பிறந்தார். தந்தை பெருமாள் பிள்ளை, தாய் மாடத்தி அம்மாள். முன்னோர் மதுரைப் பகுதியிலிருந்து சென்று, துறைமுக நகரமான ஆலப்புழையில் வணிகம் செய்து வாழ்ந்தவர்கள். மலையாளம் வழங்கும் ஊரில் தமிழ் பேசும் குடும்பத்தில் வளர்ந்த அந்தச் சிறுவனுக்குத் தமிழ் இலக்கியத்தைக் கற்பித்தவர் நாகப்பட்டினம் நாராயணசாமிப் பிள்ளை. பிற்காலத்தில் மறைமலையடிகளுக்கும் ஆசிரியராக அமைந்தவர் இவரே. பட்டமோ பதவியோ இல்லாத ஒரு புலவரின் பயிற்சி இரண்டு பேரறிஞர்களின் தமிழுக்கு அடித்தளமாயிற்று.

சுந்தரம் பிள்ளையின் உயர்கல்வி திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தொடர்ந்தது. அக்காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகம் வகுப்பு நடத்தும் அமைப்பு அன்று. 1857இல் லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு நிறுவப்பட்ட அது, தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பாகவே பல்லாண்டுகள் இருந்தது. கற்பிப்பது கல்லூரிகளின் பணி. அளப்பது பல்கலைக்கழகத்தின் பணி. திருவிதாங்கூர் மாணவர்களும் சென்னையின் தேர்வுகளையே எழுதினர். அந்தத் தேர்வில் வென்று 1876இல் பி.ஏ. பட்டம் பெற்றார் சுந்தரம் பிள்ளை. 1880இல் தத்துவத்தில் எம்.ஏ. பட்டமும் பெற்றார். தென்னிந்தியாவில் எம்.ஏ. பட்டம் பெற்றோர் மிகச் சிலரே இருந்த காலம் அது.

தேர்வு என்ற அளவுகோலால் பயன் பெற்றவர்தான் அவர். செல்வாக்கைப் பார்க்காமல் விடைத்தாளைப் பார்த்து மதிப்பிடும் முறை இல்லாதிருந்தால், துறைமுக ஊரின் வணிகர் மகனுக்கு உயர்கல்வித் துறையின் கதவு திறந்திருக்குமா என்பது ஐயமே. அளவீடு என்பதே தீங்கு என்று வாதிடுவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பி.ஏ. பட்டத்துக்குப் பின் அவர் பணியாற்ற வந்த ஊர் திருநெல்வேலி. அங்கிருந்த ஆங்கில-தமிழ்ப் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்து, விரைவிலேயே அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டை ஒட்டியிருக்கும். 1878இல் அந்தப் பள்ளி எஃப்.ஏ. வகுப்புகளைக் கொண்ட கல்லூரியாக உயர்ந்தது. மதுரை திரவியம் தாயுமானவர் இந்துக் கல்லூரி என இன்று வழங்கும் நிறுவனம் அதுவே. அதன் பள்ளிப் பிரிவில் பின்னாளில் பாரதியார் பயின்றார். கல்லூரியில் புதுமைப்பித்தன் பயின்றார்.

தேர்வுக்கேற்ற காசு

அன்றும் கல்லூரிகளுக்குத் தரம் உண்டு. பி.ஏ. வரை கற்பிப்பது முதல் தரக் கல்லூரி, எஃப்.ஏ. வரை கற்பிப்பது இரண்டாம் தரக் கல்லூரி. எந்த வகுப்பு வரை நடத்த அனுமதி உள்ளது என்பதைக் குறிக்கும் வகைப்பாடு மட்டுமே அது. அங்கே கற்பிப்பவரின் ஆற்றலைப் பற்றி அது எதையும் சொல்லவில்லை. சுந்தரம் பிள்ளை தலைமை தாங்கியது இரண்டாம் தரக் கல்லூரி ஒன்றுக்குத்தான்.

அக்காலக் கல்வி நிர்வாகத்தில் இன்னொரு நடைமுறையும் இருந்தது. இங்கிலாந்தில் 1862 முதல் தொடக்கப் பள்ளிகளுக்கான அரசு மானியம் மாணவர் வருகையையும் தேர்வு முடிவையும் பொறுத்து அமைந்தது. வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றிலும் எத்தனை பேர் தேறினார்கள் என்று ஆய்வாளர் வந்து பார்ப்பார்; அதற்கேற்பப் பணம் கிடைக்கும். சென்னை மாகாணத்துப் பள்ளிகளிலும் இந்த முடிவுக்கேற்ற மானிய முறை நடைமுறைக்கு வந்தது. 1882இல் அமைக்கப்பட்ட ஹன்டர் கல்விக் குழு இதன் நன்மை தீமைகளை ஆராய்ந்தது.

இங்கிலாந்தில் நிகழ்ந்தது என்ன? பணத்தைத் தீர்மானிக்கும் பாடங்களை மட்டுமே ஆசிரியர்கள் கற்பித்தார்கள். வரலாறும் நிலவியலும் ஒதுக்கப்பட்டன. பிள்ளைகள் வாசிப்புப் புத்தகத்தை மனப்பாடம் செய்து ஆய்வாளர் முன் ஒப்பித்தார்கள். தாமே பள்ளி ஆய்வாளராக இருந்த கவிஞர் மேத்யூ ஆர்னால்டு இம்முறை கல்வியை இயந்திரத்தனமாக்குகிறது என்று தொடர்ந்து எதிர்த்தார். 1890களில் அங்கே இது படிப்படியாகக் கைவிடப்பட்டது. அளவீட்டோடு பணத்தைப் பிணைத்தால் அளவீடு வளரும், கல்வி வளராது என்ற பாடம் சுந்தரம் பிள்ளையின் காலத்திலேயே கற்கப்பட்டுவிட்டது. நூற்றாண்டுக்குப் பின் அதை நாம் மீண்டும் முதலிலிருந்து கற்கிறோம்.

கோடகநல்லூரும் ஹார்வியும்

நெல்லையில் அவர் பணியாற்றிய காலம் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளே. ஆயினும் அது அவர் வாழ்வின் திருப்புமுனை. சேரன்மகாதேவிக்கு அருகே, தாமிரவருணிக் கரையில் உள்ள கோடகநல்லூரில் சுந்தர சுவாமிகள் என்னும் துறவி வாழ்ந்து வந்தார். பல்கலைக்கழகப் பட்டம் பெற்று, மேலைத் தத்துவத்தில் தோய்ந்த இளைஞர், ஆற்றங்கரையின் வேதாந்தத் துறவியைக் குருவாக ஏற்றார். பின்னாளில் தம் நாடகத்தில் வரும் சுந்தர முனிவர் என்ற பாத்திரத்தை இந்தக் குருவை நினைந்தே அவர் படைத்தார்.

இன்னொரு குரு திருவனந்தபுரத்தில் இருந்தார். மகாராஜா கல்லூரியின் தத்துவப் பேராசிரியர் டாக்டர் ராபர்ட் ஹார்வி, தம் மாணவரின் ஆற்றலை அறிந்து அவரை மீண்டும் திருவனந்தபுரத்துக்கு அழைத்துக்கொண்டார். 1880களின் தொடக்கத்தில் சில ஆண்டுகள் திருவிதாங்கூர் அரசின் வருவாய்த் துறையில் உயர்பதவி வகித்த சுந்தரம் பிள்ளை, 1885இல் ஹார்வி தாயகம் திரும்பியபோது அதை விட்டுத் தத்துவப் பேராசிரியர் பணிக்கு வந்தார். இறுதிவரை அப்பணியிலேயே இருந்தார். பேரூர்க்கடையில் தாம் அமைத்த இல்லத்துக்கு ஹார்விபுரம் என்று பெயரிட்டார். தம் நாடகத்தையும் ஹார்விக்கே உரிமையாக்கினார்.

கோடகநல்லூர்த் துறவியும் ஹார்வியும் இருவேறு உலகத்தவர். ஆனால் இருவரும் இந்த இளைஞரை நேரில் கண்டு, பேசிப் பழகி, ஆற்றலை உணர்ந்தவர்கள். அறிவுடையோர் ஒருவரையொருவர் எடைபோடும் இயல்பான வழி அதுவே. இன்று கல்வித் துறையில் சகாக்களின் மதிப்பீடு என்று வழங்கும் முறையின் வேர் இத்தகைய நேரடி அறிமுகத்தில்தான் இருக்கிறது.

சுந்தரம் பிள்ளையும் பிறரை அவ்வாறே மதிப்பிட்டார். 1890களின் நடுவில் நாராயணசாமிப் பிள்ளையின் வழியாக ஓர் இளைஞர் அவரைக் காண வந்தார். பள்ளிப் படிப்பைக்கூட முறையாக நிறைவு செய்யாதவர். பட்டம் எதுவும் இல்லாதவர். அவருடைய தமிழ்ப் புலமையை உரையாடி அறிந்த பேராசிரியர், தமிழாசிரியராகத் தக்கவர் என்று நற்சான்று வழங்கினார். வேதாசலம் என்ற அந்த இளைஞரே 1898இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் தமிழாசிரியராகி, பின்னர் மறைமலையடிகள் என்று புகழ்பெற்றார். எந்தப் படிவத்தின் எந்தக் கட்டத்திலும் இடம்பெற இயலாத ஒருவரின் தகுதியை அந்த மதிப்பீடு சரியாகக் கண்டது.

காலத்தைத் திருத்திய கட்டுரை

சுந்தரம் பிள்ளையின் ஆய்வுப் பணியின் சிகரம் திருஞானசம்பந்தரின் காலம் பற்றிய கட்டுரை. அதன் அருமையை உணர, எதிர்ப்பக்கத்தில் நின்றவர் யார் என்பதை நினைவுகொள்ள வேண்டும். 1841 முதல் நெல்லைச் சீமையின் இடையன்குடியில் வாழ்ந்த ஆயர் கால்டுவெல், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்டு உலகப் புகழ் பெற்றவர். 1881இல் திருநெல்வேலி வரலாற்றையும் எழுதியவர். தமிழாய்வில் அவர் சொல்லே முடிந்த முடிபு என்று கருதப்பட்ட காலம் அது.

சம்பந்தர் காலத்துக் கூன்பாண்டியனை, மார்க்கோ போலோ குறிப்பிடும் சுந்தர பாண்டியனோடு இணைத்து, சம்பந்தரைப் பதின்மூன்றாம் நூற்றாண்டினர் என்று கால்டுவெல் கணித்திருந்தார். இக்கணிப்பு சரியாயின், தேவாரம் முழுவதும் சோழப் பேரரசின் வீழ்ச்சிக் காலத்துப் படைப்பாகிவிடும். தமிழ் இலக்கிய வரலாற்றின் பெரும்பகுதி தலைகீழாகிவிடும்.

சுந்தரம் பிள்ளை சினம்கொண்டு மறுக்கவில்லை. சமயப் பற்றை வாதமாக முன்வைக்கவும் இல்லை. சான்றுகளை ஒவ்வொன்றாக அடுக்கினார். ஒரு பெயர் பல அரசர்களுக்கு வழங்கும்போது பெயரொற்றுமையை மட்டும் கொண்டு காலத்தை முடிவு செய்யலாகாது. சம்பந்தரைப் போற்றும் பிற்கால ஆசிரியர்கள் எவர், அவர்கள் வாழ்ந்த காலம் எது, கோயில் கல்வெட்டுகள் சொல்வதென்ன, சங்கரர் பெயரில் வழங்கும் நூலில் வரும் தமிழ்க் குழந்தை பற்றிய குறிப்பு எதைச் சுட்டுகிறது என்று பின்னோக்கி நடந்து, சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டுக்குப் பிற்பட்டவராக இருக்க இயலாது என்று நிறுவினார். ஏறத்தாழ அறுநூறு ஆண்டுப் பிழை நீங்கியது. பின்னர்க் கல்வெட்டறிஞர் வெங்கையா, சம்பந்தரோடு தொடர்புடைய சிறுத்தொண்டர் பங்கேற்றதாகக் கூறப்படும் வாதாபிப் போரைப் பல்லவர் வரலாற்றோடு பொருத்திக் காட்டியபோது, ஏழாம் நூற்றாண்டு என்ற முடிவு உறுதிப்பட்டது.

இக்கட்டுரை முதலில் வெளியான இடம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் இதழ். ஒரு கல்லூரி நடத்திய இதழில் வந்த கட்டுரை, நூலாகி, ஆசிரியர் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் 1909இல் மறுபதிப்பும் கண்டது. தமிழ் இலக்கிய வரலாறு எழுதிய அறிஞர்கள் அனைவரும் அதன்மீது நின்றே மேலே சென்றார்கள்.

திருவிதாங்கூரின் பழைய அரசர்களைப் பற்றிய ஆய்வும் இதே முறையில் அமைந்தது. ஊர் ஊராகச் சென்று கோயில்களில் வட்டெழுத்துக் கல்வெட்டுகளைத் தேடிப் படித்து, 12, 13ஆம் நூற்றாண்டுகளின் வேணாட்டு அரசர்கள் சிலரின் வரிசையை அவர் மீட்டெடுத்தார். இந்தியன் ஆன்டிகுவரி இதழில் அது வெளியாயிற்று. அரச வம்சத்தைப் பற்றிய செவிவழிக் கதைகள் மலிந்திருந்த இடத்தில், கல்லில் உள்ளதை மட்டும் சான்றாகக் கொண்டு எழுதினார். அதுவும் அந்த அரசின் கல்லூரியிலேயே ஊதியம் பெற்றுக்கொண்டு.

பத்துப்பாட்டைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதினார். அறிவுத்துறைகளை வகைப்படுத்தி விளக்கும் நூற்றொகை விளக்கம் என்ற நூலைத் தமிழில் செய்தார். தத்துவப் பேராசிரியரான அவருக்கு இவற்றுள் எதுவும் பணி நிபந்தனை அன்று.

நெல்லையில் எழுந்த கோட்டை

1891இல், தம் முப்பத்தாறாம் வயதில் மனோன்மணீயம் நாடகத்தை வெளியிட்டார். ஆங்கில எழுத்தாளர் லிட்டன் பிரபுவின் கதைப்பாடல் ஒன்றிலிருந்து கதைக்கருவை எடுத்து, அதைப் பாண்டி நாட்டில் பொருத்தினார். மதுரையில் ஆண்ட சீவகன் என்ற பாண்டியன், குடிலன் என்ற அமைச்சனின் சூழ்ச்சியுரையை நம்பித் தலைநகரைத் திருநெல்வேலிக்கு மாற்றிப் புதிய கோட்டை ஒன்றை எழுப்புகிறான். கோட்டையின் உறுதியிலும் உயரத்திலும் அரசனுக்குப் பெருமிதம். அதைக் காண வந்த குலகுரு சுந்தர முனிவருக்கோ கவலை. மதிலை நம்பாத முனிவர், அரண்மனை அறை ஒன்றிலிருந்து தம் ஆசிரமம் வரை யாரும் அறியாமல் ஒரு சுரங்க வழி அமைக்கிறார். போர் வந்தபோது கோட்டை காக்கவில்லை, அமைச்சனே துரோகியானான். அரசகுலத்தையும் இளவரசி மனோன்மணியையும் இறுதியில் நன்மைக்குக் கொண்டு சேர்த்தது அந்தச் சுரங்கமே.

நம் கல்வி நிறுவனங்களும் இன்று கோட்டை கட்டிக்கொண்டிருக்கின்றன. வெளியிலிருந்து பார்ப்பவர் எண்ணக்கூடிய மதில்கள் அவை: எத்தனை கட்டுரைகள், எத்தனை மேற்கோள்கள், எத்தனை புரிந்துணர்வு ஒப்பந்தங்கள், எத்தனை கருத்தரங்குகள். ஒரு மாணவருக்கு ஐயம் தெளிவிக்க ஆசிரியர் செலவிடும் மாலைப்பொழுதும், ஒரு கல்வெட்டைப் படிக்க ஆய்வாளர் செலவிடும் ஆண்டுகளும் மண்ணுக்கடியில் செல்லும் சுரங்கம் போன்றவை. அவற்றை எண்ணுவார் இல்லை. இடர் வரும்போது காப்பவை அவைதாம்.

1896இல் அரசு அவருக்கு ராவ்பகதூர் பட்டம் வழங்கியது. 1897 ஏப்ரல் 26 அன்று, நாற்பத்திரண்டு வயதே நிறைந்திருந்த நிலையில் அவர் மறைந்தார். அவருடைய மகன் பி.எஸ். நடராச பிள்ளை பின்னர் விடுதலைப் போராட்ட வீரராகவும், திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் நிதியமைச்சராகவும் விளங்கினார்.

இன்றைய அளவுகோலில்

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, பேராசிரியர் பதவிக்கு நேரடியாக விண்ணப்பிப்போர் முனைவர் பட்டம், பத்தாண்டுக் கற்பித்தல் அனுபவம், சக ஆய்வாளர் மதிப்பீடு பெற்ற அல்லது குழுவின் பட்டியலில் இடம்பெற்ற இதழ்களில் குறைந்தது பத்துக் கட்டுரைகள், ஆய்வு மதிப்பெண் 120 ஆகியவற்றைப் பெற்றிருக்க வேண்டும். சுந்தரம் பிள்ளையிடம் முனைவர் பட்டம் இல்லை. கல்லூரி இதழில் வந்த கட்டுரை பட்டியலுக்குள் வராது. செய்யுள் நாடகம் ஆய்வாகக் கருதப்படாது. அவர் காலத்தில் முனைவர் பட்டம் இங்கே வழக்கில் இல்லை என்பதால் இந்த ஒப்பீடு முற்றிலும் நேரானது அன்று. எனினும், எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் கண்ணுக்கு அறுநூறு ஆண்டுப் பிழையைத் திருத்திய கட்டுரையும், எதையும் திருத்தாத கட்டுரையும் ஒன்றாகவே தெரியும் என்பதை அது காட்டுகிறது.

அளவீடே வேண்டாம் என்பது இதன் பொருளன்று. 1994இல் தேசிய மதிப்பீட்டு, தரச்சான்று அவை நிறுவப்பட்டதும், 2016 முதல் தேசியத் தரவரிசை வெளியாவதும் தேவை கருதியே. ஆசிரியர் எத்தனை பேர், நூலகம் எப்படி, தேர்ச்சி எவ்வளவு என்ற விவரங்களைக் கல்லூரிகள் பொதுவெளியில் வைக்க நேர்ந்தது நல்ல மாற்றம். முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் பீடி சுற்றும் தாய், தன் மகளை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது என்று முடிவு செய்ய அத்தகைய விவரங்கள் உதவ வேண்டும். அவை இல்லாத இடத்தில் விளம்பரமும் செல்வாக்குமே பேசும்.

அளவீடே இலக்காகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. பொருளாதார அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட் 1975இல் பணக் கொள்கையை முன்னிட்டுச் சுட்டிய உண்மை இது: ஓர் அளவீட்டை இலக்காக்கினால் அது அளவீடாக இருக்கும் தகுதியை இழக்கிறது. கட்டுரை எண்ணிக்கைக்கு மதிப்பெண் என்றவுடன், பணம் பெற்றுக்கொண்டு எதையும் வெளியிடும் போலி இதழ்கள் பெருகின. அவற்றைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்த இதழ்ப் பட்டியல் முறையும் 2025இல் கைவிடப்பட்டது. மதிப்பெண் முறையைத் தளர்த்தும் வரைவு விதிகளும் அதே ஆண்டு ஜனவரியில் வெளியாயின. தரச்சான்றுக்காகக் கையூட்டு பெற்றதாக மதிப்பீட்டுக் குழுவினர் சிலரை மத்தியப் புலனாய்வுத் துறை கைது செய்ததும் 2025 பிப்ரவரியில்தான். மதில் காவலே விலைபோகும் எனில் கோட்டையால் என்ன பயன்?

உலகம் இதற்கு மாற்று வழிகளைத் தேடிக்கொண்டிருக்கிறது. இதழின் செல்வாக்கு எண்ணைக் கொண்டு ஆய்வாளரை மதிப்பிடக் கூடாது என்னும் சான்பிரான்சிஸ்கோ பிரகடனம் 2012இல் உருவாயிற்று. பிரிட்டனின் 2021ஆம் ஆண்டு ஆய்வு மதிப்பீட்டில், ஒரு துறை தன் ஆய்வாளர் ஒருவருக்குச் சராசரியாக இரண்டரைப் படைப்புகளை மட்டுமே அளித்தால் போதும் என்றிருந்தது. துறை அறிஞர்களின் குழுக்கள் அவற்றைப் படித்து மதிப்பிட்டன. அம்முறையிலும் குறைகள் உண்டு. எனினும் எண்ணுவதற்கும் படிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அது ஏற்றுக்கொள்கிறது.

நாம் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, பணி நியமனத்திலும் பதவி உயர்விலும் ஆசிரியர் தாம் தேர்ந்தளிக்கும் மூன்று அல்லது நான்கு படைப்புகளை வல்லுநர்கள் உண்மையாகவே படித்து, மதிப்பீட்டை எழுதிக் கையொப்பமிட வேண்டும். வெங்கையா போன்ற ஒருவர் படித்து ஏற்றதே சுந்தரம் பிள்ளையின் கட்டுரைக்குக் கிடைத்த தரச்சான்று.

இரண்டாவது, தமிழில் செய்யப்படும் ஆய்வுக்கு உரிய இடம். ஸ்கோபஸ் போன்ற அனைத்துலகத் தரவுத்தளங்களில் தமிழ் இதழ்கள் மிக அரிதாகவே இடம்பெறுகின்றன. தாமிரவருணிக் கரையின் தொல்லியலையும் ஊர்ப்பெயர்களையும் பாசன முறையையும் தமிழில் ஆராய்பவர், தரவரிசைக் கணக்கில் பெரும்பாலும் எதுவும் செய்யாதவராகவே தோன்றுவார். சுந்தரம் பிள்ளை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதினார். இரண்டையும் ஒரே கடுமையுடன் எழுதினார். மொழி அன்று, முறையே தரத்தைத் தீர்மானிக்கிறது.

மூன்றாவது, ஒரு கல்லூரி தன் மாணவரை எங்கிருந்து எதுவரை கொண்டு சென்றது என்ற கணக்கு. தேர்ந்தெடுத்த மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு உயர்ந்த தேர்ச்சி காட்டுவது எளிது. குடும்பத்தில் முதன்முறையாகக் கல்லூரி வாயிலை மிதித்த பெண்ணை ஆசிரியராகவோ அலுவலராகவோ ஆக்கி அனுப்புவது அரிது. இந்த அரிய பணியைச் செய்யும் ஊரகக் கல்லூரிகள் தரவரிசையில் கண்ணில் படுவதே இல்லை. சேரும்போது இருந்த நிலையும் பத்தாண்டுக்குப் பின் அடைந்த நிலையும் ஒப்பிடப்படுமானால் பட்டியலின் முகமே மாறிவிடும்.

சுந்தரம் பிள்ளை கற்பித்த ஆண்டுகள் ஏறத்தாழ இருபதுக்குள் அடங்கும். எழுதியவை ஓர் அலமாரித் தட்டைக்கூட நிரப்பா. ஆனால், அவர் எழுதியது எதுவாயினும் சான்றைக் காட்டி, மறுப்பதற்கு இடம் வைத்து எழுதப்பட்டது. பிறர் சோதித்துப் பார்க்கத் தன்னைத் திறந்து வைப்பதும், சோதித்த பின்னும் நிற்பதுமே அறிவுப் பணியின் தரம். அதை ஆண்டு அறிக்கையில் காண இயலாது. தலைமுறைக் கணக்கில்தான் காண இயலும்.

மனோன்மணீயத்தின் தெய்வ வணக்கப் பகுதி 1970இல் தமிழக அரசின் தமிழ்த்தாய் வாழ்த்தாகி, 2021இல் மாநிலப் பாடலாகவும் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டுக் கல்விக்கூடங்களின் விழாக்கள் அதைப் பாடியே தொடங்குகின்றன. தர மதிப்பீட்டுக் குழுவினரை வரவேற்கும் விழாவும் அவ்வாறே. அப்போது எழுந்து நிற்கும் துணைவேந்தர்களும் முதல்வர்களும் மதிப்பீட்டாளர்களும், அந்த வரிகளை எழுதியவர் இரண்டாம் தரக் கல்லூரி ஒன்றின் தலைவராகப் பணியாற்றியவர் என்பதை ஒரு கணம் நினைந்தால் போதும். கோப்புகளில் உள்ள எண்களுக்கு அப்பால் பார்க்கும் கண் தானே திறக்கும்.